ரங்கூன் உண்டி

சென்ற மாதம் ஒரு நாள் காலையில், எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஓர் அம்மாள் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான். அம்மாள் நேரே தறிக்குழியிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும். முழங்கையில் அரக்கு நிறப் பட்டிழை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"பையன் பணம் போட்டிருக்கானாம். எவ்வளவு வந்திருக்குதுன்னு பாரு தம்பி. எவ்வளவு பிடிச்சிருக்கான்னும் பாரு."

வந்த தொகையைப் படித்துச் சொன்னேன். பிடித்த தொகையைச் சொல்ல முடியவில்லை. அந்தச் செய்தியில் எந்த மூலையிலும் அது இல்லை. "ஒன்றும் பிடித்ததாகப் போடவில்லையே, அக்கா" என்றேன்.

"பிடிக்காம எவன் கடல் தாண்டிக் கொண்டாந்து குடுப்பான்?" என்று சிரித்துவிட்டு அவர் தறிக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஒரு பழைய உண்டி இருக்கிறது. அதைப்பற்றிச் சொல்லுமுன் ஆரணியின் பழைய சரித்திரத்தில் ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும்.

1751ஆம் ஆண்டு டிசம்பரில் ஆரணிக்கு அருகே ஒரு சண்டை நடந்தது. ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட ராபர்ட் கிளைவும், அவனோடு சேர்ந்துகொண்ட மராட்டியக் குதிரைப்படையும் ஒரு பக்கம். சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபும் அவனுக்குத் துணை வந்த பிரெஞ்சுக்காரர்களும் மறு பக்கம். பள்ளிக்கூடப் புத்தகங்களில் இது கிளைவின் வெற்றிகளில் ஒன்றாக ஒரு வரியில் முடிந்துவிடும். எனக்கு அதில் சுவாரசியமானது வேறு. மராட்டியர்கள் அந்தச் சண்டைக்குக் கிளம்பியதற்குக் கிளைவின்மேல் இருந்த அன்பு காரணமல்ல. புதுச்சேரியிலிருந்து ராஜா சாகிபுக்குப் பெருந்தொகை ஒன்று ஆரணிக்கு வருகிறது என்று காதில் விழுந்த செய்திதான் காரணம். கடைசியில் ராஜா சாகிபின் படைப் பெட்டியும், அதிலிருந்த ஒரு லட்சம் ரூபாயும் அவர்கள் கையில் சிக்கின.

பணத்தைப் பணமாகவே பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றினால் இதுதான் கதி. நவாபுக்கே இப்படியென்றால் நூல் வாங்கப் போகிற வியாபாரி எம்மாத்திரம்? வியாபாரிகள் இதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அதுதான் உண்டி. இந்த ஊரில் என்னிடம் ஒருவன் பணம் கொடுக்கிறான். அந்த ஊரில் இருக்கும் என் ஆளுக்கு, "இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்" என்று நான் ஒரு காகிதம் எழுதிக் கொடுக்கிறேன். பணம் இங்கேயே இருக்கிறது. காகிதம் மட்டும் போகிறது. வழியில் திருடன் பிடுங்கிக்கொண்டாலும், அவன் போய் நீட்டினால் கொடுக்கமாட்டார்கள். பார்த்தவுடன் கொடுக்க வேண்டியது தரிசன உண்டி. குறித்த நாள் கழித்துக் கொடுப்பது தவணை உண்டி. வடநாட்டு உண்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. ரூபாய் நூறு என்று எழுதினால் அதோடு விடமாட்டார்கள். அதில் பாதி ஐம்பது, ஐம்பதை இரட்டித்த நூறு என்றும் சேர்த்து எழுதுவார்கள். எவனாவது ஒரு சுன்னத்தைச் சேர்த்துவிட்டால் என்ன செய்வது? சரக்கு பத்திரமாக வந்து சேர்ந்தால்தான் பணம் என்று நிபந்தனை போட்ட ஜோக்கமி உண்டியும் இருந்தது. உண்டியும் இன்ஷ்யூரன்ஸும் ஒரே காகிதத்தில்! இங்கிலீஷ்காரர்கள் 1881இல் செலாவணிப் பத்திரங்களுக்குச் சட்டம் செய்தபோதுகூட, நாட்டு மொழியில் எழுதும் உண்டிகளின் வழக்கத்தில் கை வைக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

தமிழர்களில் இந்த வித்தையைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், எல்லாவற்றுக்கும் மேலாக ரங்கூன். 1929-30இல் பர்மாவில் நடந்த பாங்கு விசாரணைக் கமிட்டியின் அறிக்கை, அங்கே செட்டியார் கடைகள் சுமார் 1,650 என்றும், அவர்கள் கடன் கொடுத்திருந்த தொகை 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. ரங்கூன் முகல் தெருவில் அவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. மாதந்தோறும் மாலையில் அங்கே கூடி நடப்பு வட்டியை நிச்சயம் செய்வார்கள். தீபாராதனையும் வட்டி விகிதமும் ஒரே இடத்தில்! சிலருக்கு இது முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சந்நிதியில் பேசிய வார்த்தையை மறுநாள் கடையில் மாற்றுவது கஷ்டம் என்பதையும் யோசிக்க வேண்டும். இன்று சட்டமும் முத்திரையும் செய்கிற வேலையை அன்று அந்தக் கோயில் செய்தது.

எங்கள் ஆயாவின் தகப்பனார் ரங்கூனுக்குப் போனது 1930களின் நடுவில். உலகமெங்கும் வியாபாரம் விழுந்திருந்த சமயம். பட்டுப் புடவை வாங்க ஆளில்லை. தறியில் பாவு ஏறாமல் மாதக்கணக்கில் சும்மா கிடந்ததாம். ஊரில் யாரோ சொல்லி, அவர் ரங்கூனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதப் போய்ச் சேர்ந்தார். மாதம் பிறந்ததும் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செட்டியார் கடையில் கொண்டுபோய்க் கட்டுவார். அவர்கள் சென்னைக் கடையின் பேருக்கு உண்டி எழுதிக் கொடுப்பார்கள். அதைப் பதிவுத் தபாலில் வைத்து ஆரணிக்கு அனுப்புவார்.

சென்னைக் கடைமேல் எழுதிய உண்டியை வைத்துக்கொண்டு ஆரணியில் இருக்கும் ஒரு பெண்பிள்ளை என்ன செய்வாள்? ரயிலேற வேண்டுமானால் ஆரணி ரோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அது ஆரணியிலும் இல்லை, களம்பூரில் இருக்கிறது. இருபது ரூபாய்க்காகப் பட்டணம் போய்வந்தால் அதில் பாதி வழிச் செலவுக்கே போய்விடும்.

இந்த இடத்தில்தான் பட்டுநூல் கடைக்காரர் வருகிறார். அவருக்குச் சென்னையில் பணம் வேண்டும். கச்சாப் பட்டு, சாயம், சரிகை எல்லாவற்றுக்கும் மொத்த வியாபாரிகளுக்கு அங்கே பணம் கட்ட வேண்டும். ஆனால் அவருக்குப் பணம் வசூலாவது ஆரணியில். என் கொள்ளுப்பாட்டிக்குப் பணம் இருப்பது சென்னையில், வேண்டியது ஆரணியில். ஆகவே கொள்ளுப்பாட்டி உண்டியை அவரிடம் கொடுப்பாள். அவர் கல்லாவிலிருந்து ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, அடுத்த தடவை பட்டணம் போகும்போது உண்டியை நீட்டி அங்கே வாங்கிக்கொள்வார். இதற்காக அவர் பிடித்துக்கொள்ளும் தொகைக்கு வட்டம் என்று பெயர். சாதாரணமாக ஓரணா, இரண்டணா. தீபாவளிக்கு முன்னால் நூல் கொள்முதல் மும்முரமாக இருக்கும்போது வட்டமே பிடிக்கமாட்டாராம். ஒரு வருஷம் அவரே வீடு தேடி வந்து, "ரங்கூன் காயிதம் வந்துதா அம்மா?" என்று விசாரித்து, இருபது ரூபாய் உண்டிக்கு மேல் ஓரணா சேர்த்துக் கொடுத்தார் என்று ஆயா சொல்வாள். அப்போது ஆயாவுக்கு ஆறோ ஏழோ வயது. அந்த ஓரணாவுக்குப் பொரி உருண்டை வாங்கித் தின்றதனால் அது மறக்கவில்லை.

நான் முதலில் இதை ஆயாவின் கதைகளில் ஒன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் இதில் உலக வியாபாரமே அடங்கியிருப்பது புரிந்தது. ரங்கூனிலிருந்து சென்னைக்கு அரிசி வந்துகொண்டிருந்தது. அரிசிக்கான பணம் சென்னையிலிருந்து ரங்கூனுக்குப் போக வேண்டும். ரங்கூனில் உழைத்தவர்களின் சம்பளம் சென்னைப் பக்கம் வர வேண்டும். இரண்டையும் ஒரே பேரேட்டில் எதிரெதிரே எழுதிக் கழித்துவிட்டால் கடலைத் தாண்ட வேண்டியது மிச்சத் தொகை மட்டுமே. ஆரணிக்கும் சென்னைக்கும் நடுவே பட்டுநூல் எந்த வேலையைச் செய்ததோ, சென்னைக்கும் ரங்கூனுக்கும் நடுவே அரிசி அதே வேலையைச் செய்தது. பணம் மலிவாகப் போனதற்குக் காரணம், அது போகவே இல்லை என்பதுதான்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1880 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தபாலாபீசில் மணியார்டர் வந்துவிட்டது. தபால்காரர் வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டு எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகும் அழகே அழகு. அதன் கடைசிக் காலத்தில் இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன் வாங்கினார்கள். அதாவது நூற்றுக்கு ஐந்து, அதுவும் உள்நாட்டுக்குள்ளேயே. 2015இல் பழைய மணியார்டர் நின்றுவிட்டது. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்படும்வரை ரங்கூனும் உள்நாடுதான். பிரித்த பிறகும், யுத்தம் வரையில் அங்கே ரூபாய் நோட்டு அச்சடித்துக் கொடுத்தது நம்முடைய ரிசர்வ் பாங்குதான். ஒரே ரூபாய், ஒரே கணக்கு. எல்லைக்கோடு படத்தில் விழுந்ததே தவிரப் பேரேட்டில் விழவில்லை.

செட்டியார் கடைகளை நான் புகழ்ந்துகொண்டே போவதாக நினைக்க வேண்டாம். என் கொள்ளுத்தாத்தாவின் இருபது ரூபாயைப் பைசா பிசகாமல் கொண்டுவந்து சேர்த்த அதே கடைகள்தான் பர்மிய விவசாயிக்கு நிலத்தின்மேல் கடன் கொடுத்தன. 1930இல் நெல் விலை சரிந்தது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. நிலங்கள் கை மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று ஜில்லாக்களில், 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் நூற்றுக்கு ஆறு. 1938இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து. செட்டியார்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, கொடுத்த கடனுக்கு வேறு ஈடு கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். அது உண்மைதான். நிலத்தை இழந்தவனுக்கு அந்த உண்மையால் என்ன ஆறுதல்? எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததற்கும் ஐராவதிக் கரையில் ஒருவன் வயலை இழந்ததற்கும் நடுவில் ஒரே பேரேடுதான் இருந்தது என்று நினைக்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டார்கள். அடுத்த மார்ச்சில் நகரமே அவர்கள் கையில் விழுந்தது. நாலைந்து லட்சம் இந்தியர்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காட்டில் நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஆயிரம் ஆயிரமாக இருந்தார்கள்.

என் கொள்ளுத்தாத்தா குண்டு விழுவதற்குச் சில நாள் முன்பு, கையில் இருந்ததையெல்லாம் திரட்டி 35 ரூபாய்க்கு ஓர் உண்டி வாங்கி அனுப்பியிருந்தார். அதற்கு முன் அவ்வளவு பெரிய தொகை வந்ததில்லை. ஜனவரியில் உண்டி ஆரணிக்கு வந்து சேர்ந்தது. பட்டுநூல் கடைக்காரர் வழக்கம்போலப் பணத்தைக் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தில் கொள்ளுப்பாட்டி வீட்டுக் கூரையை மாற்றினாள்.

கடைக்காரர் சென்னைக்குப் போனார். உண்டியை நீட்டினார். இந்த உண்டியைப்பற்றி ரங்கூனிலிருந்து கடிதம் வரவில்லை, வந்த பிறகு பார்க்கலாம் என்றார்களாம். அவர் மறுபடி போனார். அதற்குள் ஏப்ரல் வந்து, ஜப்பான் கப்பல்கள் வருகின்றன என்ற பீதியில் சென்னையே பாதி காலியாகிக்கொண்டிருந்தது. கடை பூட்டியிருந்தது. சென்னைக்காரர்களைக் குற்றம் சொல்வதா? ரங்கூனில் அவர்களுக்கு இருந்த சொத்து அத்தனையும் போயிற்று. கழிப்பதற்கு எதிர்ப்பக்கத்தில் அரிசியும் இல்லை, வரவும் இல்லை. பேரேட்டின் ஒரு பாதியைத் தீயில் போட்டால் மறு பாதி வெறும் காகிதந்தான்.

உண்டி வழக்கத்தில், சென்ற இடத்தில் பணம் கிடைக்காவிட்டால் யார் கையிலிருந்து வாங்கினாயோ அவரிடம் திரும்பி வரலாம். கடைக்காரர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து வெகு நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நான் என்ன செய்யட்டும் அம்மா, நானும் ஒருத்தருக்குக் கட்டணும்" என்றாராம். கொள்ளுப்பாட்டி கூரையைக் காட்டினாளாம். அதைப் பிரித்தா கொடுக்க முடியும்? அவருடைய கடைக்கே கூலிக்கு நெய்து கொடுப்பது என்றும், கூலியில் அவ்வப்போது ஒரு ரூபாய் பிடித்துக்கொள்வது என்றும் ஏற்பாடாயிற்று.

சிங்கப்பூர்ப் பையனின் தாயார் கேட்ட கேள்விக்கு இதில் ஒரு பகுதி பதில் இருக்கிறது. உண்டி மலிவாக இருந்தது, வாஸ்தவம். ஆனால் கயிறு அறுந்தபோது அதில் கடைசியாகத் தொங்கிக்கொண்டிருந்தவள்தான் கீழே விழுந்தாள்.

யுத்தத்துக்குப் பின் வந்த உலகம் வேறு. 1947இல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1973இல் அதைவிடக் கடுமையான இன்னொன்று. சர்க்கார் சொன்ன மாற்று விகிதம் ஒன்று, கடைத்தெரு விகிதம் ஒன்று. இந்த இடைவெளியில் பழைய உண்டி, உண்டியல் என்று பெயர் வாங்கிக்கொண்டு இருட்டுக்குள் போயிற்று. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் தமிழர்களிடம் உண்டியல் என்று சொன்னால் கோயில் உண்டியலை மட்டும் நினைக்கமாட்டார்கள். ராத்திரி வீட்டுக் கதவைத் தட்டி, ரூபாய் நோட்டின் நம்பரைச் சரிபார்த்துவிட்டுப் பணம் எண்ணிக் கொடுக்கும் ஆளை நினைப்பார்கள். 1993இல் விகிதத்தைச் சந்தைக்கு விட்டபோது அவருடைய லாபம் மெலிந்தது. 2000இல் சட்டத்தின் கடுமையும் தளர்ந்தது. ஆனாலும் உண்டியல் இன்றும் குற்றந்தான். பணத்தோடு ஆளும் மறைந்துபோனால் எந்தப் போலீசிலும் போய்ச் சொல்ல முடியாது.

வெளிச்சத்தில் வேலை செய்தவை பாங்குகள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தார். உண்டிக் கடையின் வழியையே பாங்குச் சட்டத்துக்குள் கொண்டுவந்த காரியம் அது. அவர் 1954இல் சிங்கப்பூரில் ஒரு விமான விபத்தில் இறந்தார். மற்றப் பாங்குகளுக்கு எல்லா ஊரிலும் கிளை இருக்க முடியுமா? ஆகவே ஒரு நாட்டுப் பாங்கு இன்னொரு நாட்டுப் பாங்கில் கணக்கு வைத்துக்கொள்ளும். அதற்கும் இதற்கும் நேரே உறவு இல்லையென்றால் நடுவில் மூன்றாவது ஒரு பாங்கு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு வட்டம். 1973இல் பதினைந்து நாடுகளின் 239 பாங்குகள் சேர்ந்து பெல்ஜியத்தில் ஸ்விஃப்ட் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. அது பணத்தை அனுப்புகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது அனுப்புவது கடிதந்தான், "இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்" என்று.

இந்த வாசல்களையெல்லாம் தாண்டி ஏழையின் பணம் வரும்போது என்ன மிஞ்சுகிறது? 200 டாலர் அனுப்ப உலகத்தில் சராசரியாக நூற்றுக்கு ஆறுக்கு மேல் செலவாகிறது என்பது உலக வங்கியின் கணக்கு. 2030க்குள் அதை மூன்றுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் செய்து வைத்திருக்கிறது. 40,000 ரூபாய் அனுப்பினால் ஆறுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் 1,200 ரூபாய். பெரிய தொகை அனுப்புகிறவனுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்குக் குறைந்துகொண்டே போகும். சிறிய தொகை அனுப்புகிறவன்தான் அதிகம் கொடுக்கிறான். அதிலும் ஒரு பகுதி கட்டணமாகத் தெரியாது. கட்டணம் இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, டாலருக்குக் கொடுக்கும் ரூபாயில் சில காசுகளைக் குறைத்துவிடுவார்கள். அன்றைய சந்தை விகிதம் என்ன, இவன் கொடுத்த விகிதம் என்ன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வட்டம் தெரியும். எங்கள் பட்டுநூல் கடைக்காரர் ஓரணாவைத் தனியே எடுத்து வைத்து, "இது என்னுது" என்று காட்டிவிட்டுத்தான் கல்லாவில் போடுவாராம்.

2011இல் லண்டனில் இரண்டு எஸ்தோனியர்கள் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஒருவருக்குச் சம்பளம் எஸ்தோனியாவில் வரவாகும், செலவு லண்டனில். மற்றவருக்குச் சம்பளம் லண்டனில், வீட்டுக் கடன் எஸ்தோனியாவில். பாங்குக்குக் கொடுப்பானேன் என்று இருவரும் அன்றைய விகிதத்தைப் பார்த்து மாதாமாதம் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டார்கள். அதையே பெரிய அளவில் செய்து உலகப் புகழ் பெற்றுவிட்டார்கள். புதிய கண்டுபிடிப்பு என்று பத்திரிகைகள் எழுதின. படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பொரி உருண்டையும் ஞாபகம் வந்தது.

சிங்கப்பூர் விஷயத்துக்கு வருகிறேன். 2023 பிப்ரவரி 21ஆம் தேதி, இந்தியாவின் யுபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்தார்கள். இரு நாட்டுப் பிரதமர்களும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, ரிசர்வ் வங்கியின் கவர்னரும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிர்வாக இயக்குநரும் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரையில் என்று வரம்பு. நடு வாசல்கள் குறைந்தன. பணம் நிமிஷத்தில் வந்தது. ரங்கூனையும் சென்னையையும் போல இரண்டு பக்கத்துக் கணக்கும் மறுபடி நேருக்கு நேர் பார்த்துக்கொள்கின்றன. இந்தத் தடவை இரு பக்கமும் நிற்பது நாட்டின் மத்திய வங்கிகள். 2024இல் வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவுக்கு அனுப்பியது 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. வேறெந்த நாட்டுக்கும் அவ்வளவு வருவதில்லை.

இரண்டு நாள் கழித்து நாலு வீடு தள்ளிப் போனேன். பையனிடம் டெலிபோனில் கேட்டு, அவன் எத்தனை டாலர் கட்டினான், அன்றைய விகிதம் என்ன என்று கணக்குப் போட்டு, பிடித்தது எவ்வளவு என்று அம்மாளிடம் சொன்னேன். அதிகமில்லை, ஆனால் இருந்தது. "நான் சொல்லலே?" என்றார். அவருக்குத் தொகையைவிடத் தாம் சொன்னது சரியாக இருந்ததில்தான் திருப்தி.

கொள்ளுத்தாத்தா 1942 ஆடி மாதத்தில் வந்து சேர்ந்தார். மணிப்பூர் வழியாக நடந்து, பிறகு ரயிலில். கால் இரண்டும் வீங்கி, ஆயாவுக்கு அடையாளமே தெரியவில்லையாம். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அவர் முதலில் கேட்டது, "35 ரூபா வந்துதா?" என்றுதான். "வந்துது" என்றாள் கொள்ளுப்பாட்டி. அன்றைக்கு அவள் வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த உண்டியைத்தான் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து இப்போது எதிரில் வைத்திருக்கிறேன். பிள்ளையார் சுழி, சிவமயம், தேதி, தொகை எல்லாம் மங்கலாகத் தெரிகின்றன. பின்பக்கத்தில் கடைக்காரர் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார், பிடித்த ரூபாய்க்கு ஒன்றாக. எண்ணிப் பார்த்தேன். 22 கோடுகள். அதற்குப் பிறகு எல்லாவற்றின் மேலும் குறுக்கே ஒரு கோடு. கணக்கு முடிந்தால்தான் உண்டி வீட்டுக்குத் திரும்பும். மீதிப் பதின்மூன்று ரூபாயைக் கொள்ளுத்தாத்தா வந்து கொடுத்தாரா, கடைக்காரரே தள்ளிவிட்டாரா என்று ஆயாவை ஒரு தடவை கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.